வீழ்ந்த வலைத்தளத்தை மீட்டமை

கறையானும் ஈரமும் ஓலைச்சுவடிக்குப் பகை என்பதனை யாவரும் அறிவர். வலைத்தளத்திற்குப் பகை யாதென்பதனை யாம் சென்ற கோடை விடுமுறையில் வருந்திக் கற்றுக்கொண்டோம். தமக்கென ஒரு தளம் வைத்திருக்கும் மாணவர் நம் கல்லூரியிற் பலராதலின், அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

எம் ஆச்சி பாடிய தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் கேட்டெழுதி, வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் அமைந்த தளமொன்றில் ஏற்றிவந்தோம். ஆச்சி காலமாகி ஈராண்டு ஆயிற்று. எல்லாம் ஏற்றி முடிந்ததென்னும் துணிவினால், கேட்டெழுதிய நோட்டுப்புத்தகத்தை, விடுதி அறையை ஒழித்த நாளிற் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டோம். அவ்வறியாமையை மறைத்தற்கில்லை.

பின்பு தேரிக்காட்டை அடுத்த சிற்றூரிலுள்ள சின்ன ஆச்சியின் வீட்டிற்குச் சென்றோம். சின்ன ஆச்சி என்றது ஆச்சியின் தங்கையாரை. கணிப்பொறி விடுதியிலேயே தங்கிவிட்டது. கையில் இருந்தது கைப்பேசி ஒன்றே. அதற்கும் மாடியில் ஏறினாலன்றித் தொடர்பு கிட்டாது. ஒருநாட் காலை, தளம் திறக்கவில்லை என்று நண்பரொருவர் செய்தி விடுத்தார். திறந்து நோக்கினோம். பாடல்கள் இருந்த இடத்தில், தரவுத்தளத்தின் அட்டவணைகள் சில கிடைக்கவில்லை, செப்பனிட வேண்டியிருக்கலாம் என்னும் பொருள்பட ஓர் ஆங்கில அறிவிப்பு மட்டுமே நின்றது.

வேர்ட்பிரஸ் தளம் இருகூறு உடையது. தோற்றத்தை அமைக்கும் கோப்புக்கள் ஒரு கூறு. நாம் எழுதுவனவற்றை அட்டவணைகளாகத் தாங்கும் தரவுத்தளம் மற்றொரு கூறு. முன்னது பெரும்பாலும் பொருட்செலவின்றி மீண்டும் பெறத்தக்கது. பின்னது அத்தன்மைத்தன்று. எம் தளத்திற் கெட்டது பின்னதே. கெடுத்தது யாதெனின், காப்புப் பிரதிகளே! நாள்தோறும் ஒரு பிரதி தானே எடுத்துவைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தோம். அவையனைத்தும் தளம் இருந்த அதே சர்வரிற் குவிந்து, எமக்கு அளந்து கொடுத்திருந்த இடத்தை நிரப்பிவிட்டன. எழுத இடமின்றி அட்டவணை இடையில் முறிந்தது. மைஐஸாம் என்னும் பழைய முறையில் அமைந்த அட்டவணைகள் இவ்வாறு முறிதற்கு எளியன. 2010 முதல் மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக அமையும் இன்னோடிபி முறை இதனைப் பெரிதும் தாங்கும். எம் தளமோ பழைய முறையிலேயே கிடந்தது.

உடனே செப்பனிடுக என்றார் நண்பர். யாம் உடன்பட்டிலோம். செப்பனிடும் வழி வேர்ட்பிரஸிலேயே உண்டு. ஆயினும் அது படிக்க இயலாத வரிகளை விடுத்து, எஞ்சியவற்றைச் சேர்த்து முடிப்பதும் உண்டு. விடுத்தவை மீளா. ஆதலின் முறிந்ததை முறிந்தபடியே முதலிற் படியெடுத்தல் வேண்டும். மாடிச் சுவரிற் சாய்ந்திருந்து அதனையும் காப்புப் பிரதிகளையும் கைப்பேசிக்கு இறக்கினோம். படங்களை விடுத்துப் பாடல்களை மட்டும் சுருக்கிக் கட்டினால் அளவு மிகச் சிறிது. அங்ஙனமிருந்தும் இருமுறை இடையில் அறுந்தது. வெயில் ஏறுமுன் முடித்தோம். அதன்பின்னரே சர்வரிலிருந்த பழம்பிரதிகளை நீக்கி இடமுண்டாக்கி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துச் செப்பனிடும் பக்கத்தைத் திறந்தோம். வேலை முடிந்ததும் அவ்வரியை அழித்தல் இன்றியமையாதது. அஃது இருக்குங்காறும் அப்பக்கம் கடவுச்சொல் கேளாமலே எவர்க்கும் திறக்கும்.

தளம் எழுந்தது. ஒன்பது பாடல்களைக் காணோம். காப்புப் பிரதிகளை நாடினால், இடம் நெருங்கிய நாட்களில் எடுத்தவை யாவும் பாதியில் நின்றிருந்தன. முழுமையானது ஒரு திங்களுக்கு முற்பட்ட பிரதியே. அதனை ஏற்றியபொழுது தமிழ் ஒழிந்து, தலையிற் குறியிட்ட இலத்தீன் எழுத்துக்களும் பொருந்தாக் குறிகளும் வரிசையாக வந்தன. நெஞ்சு துணுக்குற்றது. ஆயின் அஃது அழிவன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுக்களால் ஆவது. அம்மூன்றையும் தனித்தனி இலத்தீன் எழுத்தாகப் படித்த பிழையே அது. ஏற்றும்பொழுதே இன்ன குறிமுறை என்று தெரிவித்தவுடன் தமிழ் மீண்டது. ஏழு பாடல்கள் கிடைத்தன. அப்பிரதிக்குப் பின் ஏற்றிய இரண்டு நின்றன.

இவற்றிற்கு, 1996-இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இணையக் காப்பகத்தை நாடினோம். அதன் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ளது. கூகுளும் முன்னர்த் தான் கண்ட பக்கங்களின் படியைக் காட்டிவந்தது; 2024-இல் அதனை நிறுத்திவிட்டது. காப்பகத்தில் ஒரு பாடல் முழுதும் இருந்தது, யாம் பின்னர்த் திருத்திய சொல் திருந்தாமல். பாடபேதம் என்று வகுப்பிற் கேட்டதனை அன்று கண்ணாற் கண்டோம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர்க்குப் பல பிரதிகளை ஒப்பிட இயன்றது, அவை வெவ்வேறு ஊரில் வெவ்வேறு வீட்டுப் பரணில் இருந்தமையாலன்றோ? எம் பிரதிகள் அனைத்தும் ஒரே வீட்டில் இருந்தன. இப்பொழுது விடுதிக் கணிப்பொறியிலும் சின்ன ஆச்சி வீட்டு அலமாரியிலும் ஒவ்வொன்று வைத்துள்ளோம்.

எஞ்சிய தாலாட்டிற்குக் கிடைத்தது முகப்புப் பக்கச் சுருக்கமே. வேர்ட்பிரஸ் சுருக்கத்திற்கு இயல்பாக விடுவது ஐம்பத்தைந்து சொற்கள். அவற்றொடு பாடல் அறுந்து நின்றது. மாலையில் அதனைச் சின்ன ஆச்சியிடம் படித்துக் காட்டினோம். முற்றத்திற் பதநீர்க் கலயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார். “அக்கா பாடுனது அது. எனக்கு வேற மாதிரில்லா வரும், ஐயா” என்று கூறி, கையைத் துடைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பாடினார். மாமன்மாரின் பெயர்கள் வேறு. மெட்டும் சிறிது வேறு. ஆச்சி விட்ட இடத்தில் இவரது பாட்டைப் பொருத்த மனமில்லை. ஐம்பத்தைந்து சொற்களை அப்படியே விட்டு, அதன்கீழ்ச் சின்ன ஆச்சியின் தாலாட்டை அவர் பெயரால் தனியே ஏற்றினோம்.