உடைந்தாலும் முளைக்கும் தூண் கள்ளி



நம் அறிவியல் அறை வாசலில் நிற்கும் தூண் கள்ளியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போன தை மாதம் அந்தத் தொட்டியைச் சாய்த்தது காற்று இல்லை, நான்தான்.

அன்று கூட்டுகிற முறை என்னுடையது. விளக்குமாறு இடித்துத் தொட்டி சாய்ந்தது. கள்ளி மூன்று துண்டாக உடைந்து விழுந்தது. அடிக்கட்டை மட்டும் தொட்டியில் நின்றது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு துண்டைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கரிசல் மண்ணில் நட்டேன். காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது துண்டு பைக்குள் அடங்கவில்லை. அதைப் பொருள் அறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பத்தாம் நாள் வீட்டில் நட்ட இரண்டும் அடியில் கொழகொழவென்று ஆகி நாற்றம் அடித்தன. "இம்புட்டுத் தண்ணி ஊத்துனா அழுகாம என்ன செய்யும் தாயி?" என்று அப்பத்தா சொன்னது. பங்குனியில் ஒருநாள் பொருள் அறைக்குப் பின்னால் போனேன். மூன்றாவது துண்டு அப்படியே கிடந்தது. மண் இல்லை, தண்ணீர் இல்லை. கொஞ்சம் சுருங்கி இருந்தது. ஆனால் தரையைத் தொட்ட பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக வேர்! நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது செத்துப் போச்சு, மறந்து போனது பிழைச்சுக்கிச்சு.

அதை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. "ஏன் பிழைச்சுச்சுன்னு கண்டுபிடிச்சு சுவர் இதழ்ல எழுது. அதுதான் உனக்குத் தண்டனை" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் பிழைத்தது?

இந்தக் கள்ளியின் பெயர் செரியஸ். லத்தீன் மொழியில் மெழுகுவர்த்தி என்று பொருள். இதன் தண்டே தண்ணீர்த் தொட்டி. தண்டில் விசிறி மடிப்பு மாதிரி வரிகள் இருக்கும். தண்ணீர் கிடைத்தால் மடிப்பு விரியும், குறைந்தால் சுருங்கும். இலைகள் முள்ளாக மாறிவிட்டன. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். கள்ளியோ இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் உணவு தயாரிக்கும். அதனால் வெயிலில் தண்ணீர் வீணாவதில்லை.

ஆகவே உடைந்த துண்டு தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன்னோடு வைத்திருக்கிறது. வேர் இல்லாததால் நாம் ஊற்றும் தண்ணீரை அதனால் பெரிதாகக் குடிக்க முடியாது. ஈரமான காயத்தின் வழியே பூஞ்சைதான் உள்ளே போகும். நம் கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திக்கு அது நல்லது, கள்ளிக்கு ஆகாது.

துண்டு நட்டு வளர்க்கும் முறை

1. ஒரு சாண் நீளத் துண்டைப் பெரியவர் துணையோடு சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். பிடிக்கப் பேப்பரை நாலாக மடித்துக்கொள்ளவும்.
2. மேல் பக்கம் எது என்று நூல் கட்டி வைக்கவும். தலைகீழாக நடக்கூடாது.
3. நிழலில், காற்று படும் இடத்தில் இரண்டு வாரம் போடவும். காயம் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். இதுதான் முக்கியம்.
4. ஓட்டை உள்ள தொட்டியில் பாதி பெருமணல், பாதி செம்மண், ஒரு கை மக்கிய எரு போடவும்.
5. இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, குச்சி ஊன்றிக் கட்டவும்.
6. முதல் இரண்டு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு கொஞ்சமாகத் தெளிக்கவும். லேசாக இழுத்தால் வராமல் பிடித்தால் வேர் விட்டாச்சு. அதன்பின் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்துக்குள் வைக்கவும்.

விதை போட்டு வளர்க்கும் முறை

தூண் கள்ளி விதை எனக்குக் கிடைக்கவில்லை. மாமா அருப்புக்கோட்டையிலிருந்து டிராகன் பழம் வாங்கி வந்தார். அதுவும் கள்ளி இனம்தான். கறுப்பு விதைகளைச் சதை போகக் கழுவிக் காயவைத்தேன். தயிர் டப்பாவில் ஈர மணலும் எருவும் நிரப்பி, மேலாகத் தூவினேன். புதைக்கவில்லை. பிளாஸ்டிக் கவரால் மூடி நிழலில் வைத்தேன். 40 விதையில் 26 பன்னிரண்டு நாளில் முளைத்தன. கவரை ஒரேயடியாக எடுத்ததால் 9 வாடிவிட்டன. நீங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

துண்டில் வருவது தாய்ச் செடியைப் போலவே இருக்கும். இது உடல இனப்பெருக்கம். விதையில் வருபவை ஒன்றுக்கொன்று வேறுபடும், வளரவும் நாளாகும். அதனால்தான் டிராகன் பழ விவசாயிகள் துண்டு நடுகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள சகுவாரோ என்னும் தூண் கள்ளி 40 அடிக்கும் மேல் வளரும், 150 ஆண்டுக்கு மேல் வாழும். ஆனால் விதையிலிருந்து முளைத்த முதல் எட்டு ஆண்டில் சுமார் ஒன்றரை அங்குலம்தான் வளருமாம்! அதுவும் வேறு ஒரு மரத்தின் நிழலில்தான் பெரும்பாலும் பிழைக்கும். கள்ளிக்கும் குழந்தைப் பருவத்தில் நிழல் தேவை.

உங்களுக்குத் தெரியுமா?

★ நம் ஊர் வேலியில் நிற்கும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம். அவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து, தொடாதீர்கள். தூண் கள்ளியில் பால் வராது. அதன் முள் சிறிய பஞ்சுப் புள்ளியிலிருந்து கொத்தாக முளைக்கும்.

★ நாம் நாக்குச் சிவக்கப் பழம் தின்னும் நாகதாளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. விழுந்த துண்டெல்லாம் வேர்விட்டு, ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் நிலங்களை அடைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. ஆகவே மிஞ்சிய கள்ளித் துண்டைக் கண்மாய்க் கரையிலோ காட்டிலோ எறியாதீர்கள்.

மூன்றாவது துண்டு இப்போது தாய்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அடிக்கட்டையிலும் இரண்டு புதுக் கிளை வந்திருக்கிறது. அவை ஒரு சாண் வளர்ந்ததும், துண்டு வேண்டும் என்பவர்கள் டீச்சரிடம் கேட்டு வாங்கலாம். அதுவரை, அந்தப் பக்கம் கூட்டுகிறவர்கள் கொஞ்சம் பார்த்துக் கூட்டுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி