வீடியோ கேமுக்குப் படமும் இசையும் இலவசமாக வேண்டுமா?

கேமுக்கு நிரல் எழுதியாயிற்று. வரையவும் வராது, வாசிக்கவும் வராது. அதற்காக கூகுள் தேடலில் கண்ட படத்தை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

1. முதலில் கென்னி தளத்தைப் பாருங்கள். அங்குள்ள படத்தொகுப்புகள் 'சிசி ஜீரோ' உரிமத்தில் உள்ளவை. பெயர்கூடப் போட வேண்டாம், விற்கும் கேமிலும் சேர்க்கலாம்.

2. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு படைப்பின் உரிமத்தையும் தனியாகப் படியுங்கள். தளம் ஒன்றுதான், உரிமம் பல. 'பிஒய்' என்றால் படைத்தவர் பெயரைப் போட வேண்டும். 'எஸ்ஏ'வும் சேர்ந்திருந்தால், நீங்கள் மாற்றி வரைந்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியிட முடியும்.

3. கதவுச் சத்தம், காலடிச் சத்தத்துக்கு ஃப்ரீசவுண்ட் தளம். 'என்சி' என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது; அப்படி இருந்தால் தொடாதீர்கள். இன்று இலவசமாகத் தரும் கேமை நாளை விற்க ஆசை வரும்.

4. பின்னணி இசைக்கு இசையமைப்பாளர் கெவின் மெக்லியோடின் இன்காம்பிடெக் தளம். பெயர் போட்டால் போதும். பீத்தோவன் 1827இலேயே இறந்துவிட்டாரே என்று கிடைத்த ஒலிப்பதிவை எடுக்காதீர்கள்: மெட்டு பொதுச்சொத்து, வாசித்துப் பதிந்தவருக்குத் தனி உரிமை உண்டு.

5. கூடியவரை ஒரே கலைஞரின் தொகுப்பை எடுங்கள். இல்லையென்றால் கேம் ஒட்டுப்போட்ட சட்டைபோல இருக்கும்.

6. இறக்கிய அன்றே பெயர், இணைப்பு, உரிமம் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். எல்லோரும் சோம்பல்படுவது இங்கேதான். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கோப்பு இருந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அழித்துவிடுங்கள்.