இயங்க மறுக்கும் பழைய மோட்டார் வண்டி: பழுதைக் கண்டறியும் முறை

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் விளையும் வெங்காயமும் கத்தரியும் கோவாவும் விடியுமுன் சந்தையை அடைதல் வேண்டும். பொழுது ஏறியபின் போகும் மூடைக்கு வந்த விலையே விலை. அதிகாலை நான்கு மணிக்குத் தெல்லிப்பழையிலிருந்து சுன்னாகம் சந்தைக்கெனச் சரக்கை ஏற்றியபின் வண்டி இயங்க மறுக்குமாயின், கமக்காரரின் பல மாத உழைப்பில் ஒரு பங்கு அங்கேயே நட்டமாகின்றது. பதற்றத்திற் செய்யும் காரியங்களோ நட்டத்தை இன்னும் பெருக்குகின்றன.

எமக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் தமது ஒஸ்ரின் ஏ40 வண்டி காலையில் இயங்காமையால் முதலிற் புதிய பற்றரி வாங்கினார். அடுத்த கிழமை புதிய கொயில் வாங்கினார். ஈற்றில், பற்றரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் ஏர்த் வயரின் அடியிலே துருப் பிடித்திருந்தமை தெரிந்தது. உப்புக் கடதாசியால் ஐந்து நிமிடம் தேய்த்ததும் குறை நீங்கிற்று. பழுது எங்குள்ளதென அறியுமுன் பாகத்தை மாற்றுதல், மண்ணைப் பாராது பசளை இடுவதைப் போன்றது.

பெற்றோல் எஞ்சின் இயங்குவதற்கு வேண்டியவை நான்கு. எஞ்சின் போதிய வேகத்துடன் சுழலல் வேண்டும். தக்க நேரத்தில் தீப்பொறி எழல் வேண்டும். எரிபொருளும் காற்றும் அளவாகக் கலந்து வரல் வேண்டும். அக்கலவை சிலிண்டரினுள் நன்கு அழுத்தப்படல் வேண்டும். இவற்றை இதே ஒழுங்கிற் பார்த்துக்கொண்டு செல்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனாற் குறை நீங்கிற்று என்பது தெரியாது. மறுமுறையும் அதே துன்பமே.

எஞ்சின் சுழல்கின்றதா?

முன்விளக்கை எரியவிட்டு ஸ்ராற்றரை இயக்கிப் பாருங்கள். விளக்கு முற்றாக அணைந்தால் பற்றரியின் முனைகளில் தொடுப்புச் சரியில்லை, அல்லது பற்றரி வெறுமையாகிவிட்டது. விளக்கு மங்கி, எஞ்சின் மெல்லச் சுழன்றால் பற்றரி வலுவிழந்துள்ளது. விளக்கு மங்காது அப்படியே எரிந்தால் மின்சாரம் ஸ்ராற்றருக்குச் செல்லவில்லை. ஆளியையும் அதன் வயர்களையும் பார்க்க. 'டக்' என்ற ஓர் ஒலியுடன் எல்லாம் நின்று, விளக்கும் மங்கினால், ஸ்ராற்றரின் சிறு பற்சில்லு பெரிய சில்லிற் சிக்கியிருக்கலாம். தீப்பொறி ஆளியை நிறுத்தி, வண்டியை மேல் கியரில் இட்டு, முன்னும் பின்னும் அசைத்தால் அது பெரும்பாலும் விடுபடும்.

பற்றரி முனைகளிற் படியும் வெண்பச்சை உப்பைச் சுடுநீரால் கழுவி, உலர்த்தி, இறுகப் பூட்டியபின் வசலின் பூசுக. பற்றரிக்குக் கிணற்று நீர் விடுதல் பெருந்தவறு. எமது கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் ஊறுபவை. குடிநீர்க் கேத்திலின் உட்புறத்திற் படியும் வெண்படையைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடித்த நீரே விடத்தக்கது.

இன்னொன்று: ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய அக்கால ஆங்கில வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் தொடுக்கப்பட்டிருந்தது. பிற்கால வண்டிகளில் இது மறுதலை. உங்கள் வண்டி பின்னர் மாற்றப்பட்டதா என அறிந்தபின்னரே புதிய பற்றரியைப் பூட்டுக.

தீப்பொறி உண்டா?

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில் தீப்பொறியைச் சோதிக்க. அதற்குமுன் சிந்திய பெற்றோலைத் துடைத்து, அதன் மணம் அகலும்வரை பொறுத்திருங்கள். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, உலர்ந்த தடித்த துணியாற் பிடித்து, அதன் உலோக முனையை எஞ்சினின் வெற்றிரும்பிலிருந்து கால் அங்குல தூரத்தில் வைத்து, இன்னொருவரைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றுக. நீலநிறத் தீப்பொறி 'படார்' எனப் பாய்ந்தால் பெரும்பாலும் குறை எரிபொருளில் உள்ளது. மஞ்சளாகவும் மெலிதாகவும் தோன்றினாலோ, ஒன்றும் தோன்றாவிட்டாலோ கீழ்வருமாறு தேடுக.

கொயிலின் நடுவிலிருந்து டிஸ்றிபியூற்றர் மூடிக்குச் செல்லும் வயரைக் கழற்றி அதே சோதனையைச் செய்க. இங்கே பொறி வலுவாக எழுந்து பிளக்கில் எழாவிட்டால், குறை மூடியிலோ, றோட்டரிலோ, பிளக் வயர்களிலோ உண்டு. மாரி மழைக்காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை, இதுவே மிகப் பொதுவான காரணம். இரவிற் படிந்த ஈரம் மூடியினுள் மின்சாரத்தை ஒழுகவிடுகின்றது. உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். மூடியினுள் பென்சிற் கோடு போல் கரிய மெல்லிய கீறல் காணப்பட்டால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றுக.

கொயில் வயரிலும் பொறி இல்லையெனில் மூடியைத் திறந்து பொயின்றைப் பாருங்கள். எஞ்சின் சுழலுகையில் அது திறந்து மூடல் வேண்டும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் இருத்தல் நன்று. முகங்கள் கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைக்க. தேய்த்தபின்னும் பொயின்றின் இடையிலே பெரிய பொறி பறந்து, பிளக்கில் மட்டும் பொறி மெலிந்திருந்தால் கொண்டென்சரில் ஐயம் கொள்க. அது விலை குறைந்த பாகம். கொயிலை வாங்குமுன் இதை மாற்றிப் பார்ப்பதே புத்தி.

எரிபொருள் வருகின்றதா?

தாங்கியிற் பெற்றோல் உண்டா என்பதை அளவுமானியை நம்பாது குச்சி விட்டுப் பாருங்கள். சொல்ல வெட்கமாயினும், கராஜுக்கு இழுத்துச் செல்லப்படும் வண்டிகளுட் சில வெறுந்தாங்கியுடனே போகின்றன. பின்பு காபரேற்றருக்குள் செல்லும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு தகரத்துள் விட்டு எஞ்சினைச் சுழற்றுக. பெற்றோல் துடித்துத் துடித்துப் பாய்தல் வேண்டும். மொறிஸ் மைனரில் மின்பம்பு உண்டாதலால் ஆளியைப் போட்டதும் அது சில தடவை 'டிக் டிக்' என ஒலித்து ஓயும். ஓயாது ஒலித்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாய் காற்றை இழுக்கின்றது. ஒலியே இல்லையெனில் பம்பை மெல்லத் தட்டிப் பாருங்கள்.

பெற்றோல் வந்தும் பற்றாவிடின் பிளக்கைக் கழற்றி நோக்குக. ஈரமாக இருந்தால் எரிபொருள் மிஞ்சிவிட்டது. பிளக்குகளை உலர்த்திப் பூட்டி, அக்சிலேற்றரை ஒரே முறையில் அடிவரை மிதித்துப் பிடித்தபடி சுழற்றுக; விட்டுவிட்டு மிதிக்கலாகாது. உலர்ந்திருந்தால் காபரேற்றரின் ஜெற் அடைபட்டிருக்கலாம். பல மாதம் நின்ற வண்டியில் பெற்றோல் பிசினாகிப் படியும். அதிலே வார்னிஷ் மணம் வீசும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களிற் சேமித்துப் பின்னர் மறந்த பெற்றோலை வண்டியில் விடலாகாது.

காலையில் நன்றாக ஓடி, மதிய வெயிலில் நின்றபின் இயங்க மறுக்கும் வண்டி வேறு வகை. குழாயினுள் பெற்றோல் ஆவியாகித் தடைப்பட்டிருக்கலாம். சூடேறிய கொயில் செயலிழந்திருக்கலாம். எதுவெனத் தீர்மானிக்க, வண்டி மறுக்கும் அந்நேரத்திலேயே தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறியபின் சோதித்தால் ஒன்றும் அகப்படாது. பொறி இருந்தால் பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி சுற்றிச் சிறிது பொறுத்து முயல்க.

மண்ணெண்ணெய் ஓடிய வண்டிகள்

1990 தொடக்கம் பொருளாதாரத் தடையாற் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாகிய ஆண்டுகளில், இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் அறிவர். அவ்வாண்டில் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர். சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளியால் எஞ்சினைப் பற்றவைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இறைப்பு இயந்திரத்தின் முறையும் இதுவே. பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற்பட்ட பின்னரே தீப்பற்றத்தக்க ஆவியை விடும். ஆகவே குளிர்ந்த எஞ்சினுள் அது பற்றாது. இன்றும் இறைப்பு இயந்திரத்தை நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டால் மறுநாட் காலை துன்பம் இராது.

அம்முறை காலத்தின் தேவை. அதைச் செய்தோரைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை ஐதாக்குகின்றது. வளையங்களும் சிலிண்டரும் தேய்கின்றன. அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்து, மண்ணெண்ணெய் மணந்தால் வண்டியை ஓட்டாது எண்ணெயை மாற்றுக. தேய்ந்த எஞ்சின் தீப்பொறியும் பெற்றோலும் சரியாக இருந்தும் பற்றாது. பிளக் துவாரம் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டுச் சுழற்றியபின் அது இயங்கினால் வளையங்கள் தேய்ந்துள்ளன என்பது உறுதி. இந்நிலையில் கராஜுக்குக் கொண்டு செல்வதே வழி.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. எரிபொருள் தீர்ந்து மீண்டும் நிரப்பியபின் அது இயங்காவிடின் குழாயினுட் காற்றுப் புகுந்துள்ளது. காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் தனியே வழியும்வரை கைப்பம்பை அடித்து, பின் இறுக்குக.

ஓர் எச்சரிக்கை. முன்புறம் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றுவோர் கியர் நடுநிலையில் உள்ளதா, கைத்தடுப்பு இழுக்கப்பட்டுள்ளதா என முதலிற் பார்க்க. பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கத்திலேயே வைத்துக் கீழிருந்து மேலாக இழுக்க. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் ஹாண்டிலைச் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும். காபரேற்றருக்குள் பெற்றோல் ஊற்றியபின் எவரும் அதனுட் குனிந்து பாராதிருக்க. போத்தலை மூடித் தூரத்தில் வைத்தபின்னரே சுழற்றுக. வண்டியில் ஒரு திருப்புளி, பிளக் ஸ்பனர், உப்புக் கடதாசித் துண்டு, உலர்ந்த துணி, பழைய ஆனால் நல்ல பிளக் ஒன்று ஆகியவை எப்போதும் இருத்தல் நன்று. துணியை எண்ணெய் துடைக்க எடுத்துவிடாதீர்கள். மாரியில் டிஸ்றிபியூற்றர் மூடிக்கு அது வேண்டும்.