அண்டா, சுழல், சாம்பல், புளி

தலைப்பைப் பார்த்து சமையல் குறிப்பு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது பீர் தயாரிப்பில் சேரும் ஹாப் சக்கையை ஒதுக்குவது, பாத்திரங்களைச் சுத்தம் செய்வது பற்றிய பாடம். ஐந்தாம் பருவ செமினாருக்கு ஸார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு சோப்பு வந்தது, எனக்கு பீர் வந்தது. குடியால் அப்பாவை இழந்த வீடு எங்களுடையது. வேற தலைப்பு கொடுங்க ஸார் என்று ஸ்டாஃப் ரூம் வரைக்கும் போய்க் கேட்டேன். "உன்னைக் குடிக்கவா சொன்னேன்? பிராசஸைப் படிடா" என்று அனுப்பிவிட்டார்.

சரி, படித்தேன். வெளிநாடுகளில் பீரைத் தங்கள் சமையலறையிலேயே காய்ச்சுகிறவர்கள் ஏராளம். இங்கிலாந்தில் 1963-ல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அனுமதி கிடைத்தது. நம் மாநிலத்தில் வீட்டில் காய்ச்சினால் குற்றம். அதனால் என் செய்முறையில் பீரும் இல்லை, ஹாப்பும் இல்லை. டீத்தூள்தான்.

முளைகட்டிய பார்லியை உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு வரும். அந்தச் சாற்றை சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க விடும்போது போடுவதுதான் ஹாப். அது ஒரு கொடியின் பெண் பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் ஒரு தடவைக்கு சுமார் 20 லிட்டர் போடுகிறார்கள். கொதித்து முடிந்ததும் அடியில் பூவின் சக்கையும், திரிந்து கட்டியான புரதமும் சேர்ந்து பச்சைச் சேறு மாதிரி நிற்கும். இதற்கு ட்ரப் என்று பெயர். முழுப் பூவாகப் போட்டால் கவலையில்லை, சல்லடை மேல் அதுவே மெத்தையாகப் படிந்து வடிகட்டியாகிவிடும். அரைத்து அழுத்திய வில்லைகளாகப் போட்டால்தான் வம்பு. வில்லை கரைந்து பொடியாகி சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். துணிப்பையில் கட்டிப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் பை இறுகிப்போனால் உள்ளே சாறு சரியாகப் புகாது, சத்து முழுதும் இறங்காது.

இதற்கு வடிகட்டியே இல்லாத ஒரு வழி இருக்கிறது. டீ டம்ளரைக் கரண்டியால் கலக்கி விட்டுப் பாருங்கள். தூள் எல்லாம் நடுவில் வந்து குவியும். சுற்றும்போது கனமான பொருள் வெளிப்பக்கம் அல்லவா போக வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சுற்றுகிற நீரில் ஓரத்தில் அழுத்தம் அதிகம், நடுவில் குறைவு. மேலே உள்ள நீர் வேகமாகச் சுற்றுவதால் அந்த அழுத்தத்துக்கு ஈடு கொடுத்து நிற்கிறது. அடித்தட்டை ஒட்டிய நீருக்கு உராய்வால் வேகம் குறைந்துவிடும். அதனால் அழுத்தம் அதை உள்நோக்கித் தள்ளுகிறது, கூடவே தூளையும் இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் நீர் மேலே ஏறிவிடும், தூள் கனமாக இருப்பதால் அங்கேயே தங்கிவிடும். ஆறுகள் ஏன் வளைகின்றன என்பதை விளக்க ஐன்ஸ்டீன் 1926-ல் எழுதிய கட்டுரையில் இந்த டீ கோப்பை வருகிறது. 1960-ல் கனடாவின் மோல்சன் மது ஆலையில் ஹட்ஸ்டன் என்பவர் இதையே பெரிய தொட்டியில் செய்து காட்டினார். வீட்டுக்காரர்கள் நீளக் கரண்டியால் வேகமாகச் சுற்றிவிட்டு, மூடி, 15, 20 நிமிடம் விட்டு, ஓரத்திலிருந்து இறக்குகிறார்கள்.

அம்மா கல்யாண சமையல் கோஷ்டியில் பாத்திரம் கழுவுகிறார்கள். குழாய் வைத்த டீ அண்டா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார்கள். தட்டையான அடி, குழாய் ஓரத்தில். இதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. வெந்நீரும் டீத்தூளும் போட்டுச் சுற்றினேன். முதல் தடவை தோல்வி, கரண்டியை உள்ளேயே விட்டிருந்தேன். "கரண்டி கிடந்தா சுத்து நின்னுடும்டா, எடு" என்றார்கள் அம்மா. அன்று இரவு புத்தகத்திலும் அதே விஷயம் இருந்தது: குளிர்விக்கும் காயிலை உள்ளே வைத்துக்கொண்டு சுற்றினால் குவியல் சரியாக வராது. இரண்டாம் தடவை கூம்பு அழகாக நின்றது. அவசரப்பட்டு குழாயை முழுசாகத் திறந்தேன், கூம்பு சரிந்து எல்லாம் வாளிக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை பாதி திறந்து, கடைசியில் இன்னும் குறைத்து, கூம்பு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்தினேன். அடியில் கொஞ்சம் நீர் வீண்தான். பரவாயில்லை.

அடுத்தது கழுவுவது. கொதிக்கிற வரைக்கும் கிருமி பயம் இல்லை. ஆறிய பிறகு சாறு தொடுகிற டியூப், குழாய், நொதிக்கும் பாத்திரம் எல்லாம் ஆபத்தான இடங்கள். கெட்டுப்போகும் பீருக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1876-ல் லூயி பாஸ்டர் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். சுத்தம் செய்வது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் அழுக்குக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும்.

பாத்திரத்தில் நாள்பட வெள்ளையாக ஒரு கல் படியும், பியர் ஸ்டோன். மால்ட்டிலிருந்து வரும் ஆக்ஸாலிக் அமிலமும் நீரிலுள்ள கால்சியமும் சேர்ந்த கால்சியம் ஆக்ஸலேட், அதன் மேல் புரதம். காரம் புரதத்தையும் ஹாப் பிசினையும் எடுக்கும், கல்லை விட்டுவிடும். அமிலம் கல்லைக் கரைக்கும், பிசினை விட்டுவிடும். ஆகவே இரண்டும் வேண்டும், நடுவில் நீர் விட்டு அலசவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல், அது காரம். பித்தளை அண்டாவுக்குப் புளி, அது அமிலம். பால் காய்ச்சிய அண்டாவில் எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் ஆடை வெந்து ஒட்டிக்கொள்ளும், முதலில் பச்சைத் தண்ணீர் என்று அம்மா அதட்டுவதும் புரதக் கணக்குதான்.

சில எச்சரிக்கைகள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் கிளம்பும். வீட்டுக்கு சோடியம் பெர்கார்பனேட் போதும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பிசின் வளையம் தானே கழன்றுவிடும். பிளாஸ்டிக்கைக் கம்பி நாரால் தேய்க்கக் கூடாது, கீறலில் கிருமி குடியேறும். பிளீச்சிங் திரவம் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழ வைக்கும். அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு, விளையாட்டில்லை. கழுவி முடித்த பிறகு பத்து லட்சத்தில் 12.5 பங்கு ஐயோடின் உள்ள கலவையில் இரண்டு நிமிடம் நனைத்தால் கிருமி நீக்கம் முடிந்தது. குழாயை மட்டும் கழற்றித்தான் கழுவ வேண்டும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் திருகுப் பள்ளத்தில் அழுக்கு நிற்கும்.

செமினாரில் சாம்பல், புளி கதையைச் சொன்னதும் ஸார், "இது எந்தப் புத்தகம்?" என்றார். அட்மிஷன் பாரத்தில் தாயார் தொழில் என்ற கட்டத்தில் கூலி என்று மட்டும் எழுதியவன் நான். அன்று வகுப்பில், "எங்க அம்மா ஸார், கல்யாண வீடுகள்ல பாத்திரம் கழுவுறாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "அந்த டீத்தூளை என்ன பண்ணினே?" என்றுதான் ஸார் அடுத்துக் கேட்டார்.

நல்ல கேள்வி. ஹாப் சக்கையைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைக்கும். தோட்டத்து எருக்குழியில் போடலாம். ஆனால் நாய் எட்டாத இடமாக இருக்க வேண்டும். ஹாப் தின்ற நாய்க்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். என் டீத்தூளை அம்மா ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டார்கள்.