டெலிபோன் செலவும் ஒரு சிறு பெட்டியும்

நாகரிக வாழ்க்கைக்கு இன்றியமையாத சாதனங்களுள் டெலிபோனும் ஒன்றென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், அதன்வழிப் பேசுவதற்கு நாம் கொடுக்கும் பணம் எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகின்றது என்பதை ஆராய்ந்தறிவோர் சிலரே. கடலூர், சிதம்பரம் ஆகிய நகரங்களிலும், அவற்றைச் சூழ்ந்த பரங்கிப்பேட்டை, லால்பேட்டை முதலிய ஊர்களிலும், பிழைப்பின்பொருட்டு அயல்நாடு சென்றோரை உடைய குடும்பங்கள் பல. அக்குடும்பங்களுக்கு டெலிபோன் வெறும் சௌகரியம் அன்று; பிரிந்திருப்போரைப் பிணைக்கும் கயிறே அதுதான். மின்செருகியிற் பொருத்தி, இண்டர்நெட்டுடன் இணைத்து, பழைய டெலிபோன் கருவியைக் கொண்டே குறைந்த செலவில் அயல்நாட்டாருடன் பேச உதவும் 'அடாப்டர்' என்னும் இணைப்புப் பெட்டியைப்பற்றிப் பலரும் வினவுகின்றனர். அது எங்ஙனம் தொழிற்படுகின்றது, அதனால் யாருக்கு உண்மையான இலாபம், எவ்விடத்து அதனை நம்பலாகாது என்னும் மூன்றையும் இவ்வியாசத்தில் முறையே ஆராய்வோம்.

பழைய முறை

அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் என்பார் 1876-ஆம் ஆண்டில் டெலிபோனுக்கு உரிமை பெற்றனர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1882-இல், சென்னையில் டெலிபோன் நிலையம் திறக்கப்பட்டது. அக்காலமுதல் நெடுங்காலம் வரையில் டெலிபோனின் அடிப்படை ஒன்றே. பேசுவோர் இருவருக்கும் இடையே ஒரு தனிவழி அமைக்கப்படும். அவர்கள் பேசி முடிக்குந்துணையும் அவ்வழியைப் பிறர் உபயோகித்தல் இயலாது. இருவரும் வாய்மூடி இருப்பினும் வழி அவர்களுக்கே உரியது. தூரம் மிகுந்தால் வழியும் நீளும். வழி நீண்டால் செலவும் மிகும். ஆதலாற்றான் டெலிபோன் கட்டணம் தூரத்தையும் நேரத்தையும் அளந்து விதிக்கப்பட்டது.

வெளியூர்க்குப் பேச விரும்பியவர், 'டிரங்க் கால்' என்று பதிவு செய்துவிட்டு, நிலையத்தார் அழைக்குந்துணையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960-ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, பதிவின்றி நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் 'எஸ்.டி.டி.' என்று யாவராலும் வழங்கப்பட்டது. கடலூருக்கு 04142 என்றும், சிதம்பரத்திற்கு 04144 என்றும் குறியெண்கள் அமைந்தன. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டரே. எனினும், குறியெண் வேறாதலின் அவை டெலிபோனைப் பொறுத்தவரை வெவ்வேறு ஊர்களாயின. இரவில் கட்டணம் குறையும் என்பதால், எஸ்.டி.டி. சாவடிகளின் முன்னர் இரவு நேரத்தில் மக்கள் வரிசையாகக் காத்து நின்றமையை நம் பழைய மாணவர் மறந்திரார்.

2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதியன்று, இந்தியாவில் எவ்விடத்திற்கும் நிமிடம் ஒன்றுக்கு 1 ரூபாய் என்னும் திட்டம் அரசாங்க டெலிபோன் நிறுவனங்களால் நடைமுறைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜியோ நிறுவனம் உள்நாட்டுப் பேச்சிற்குத் தனிக்கட்டணம் இல்லையென்று அறிவித்துத் தொழிலைத் தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து, உள்நாட்டுப் பேச்சு மாதக் கட்டணத்துள்ளேயே அடங்குவதாயிற்று. ஆகவே, கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேசுவதற்காக இப்பெட்டியை விலைகொடுத்து வாங்குவது வீண்செலவேயாகும். அயல்நாட்டுப் பேச்சு ஒன்றே இன்று ஆராயத்தக்கது.

பெட்டியின் தொழில்

இனி, பெட்டி செய்யும் வேலையைக் காண்போம். நாம் பேசுங்கால் டெலிபோன் கருவி நம் குரலை ஏறியிறங்கும் மின்னோட்டமாக மாற்றுகின்றது. பெட்டியானது அம்மின்னோட்டத்தை விநாடிக்கு 8,000 முறை அளக்கின்றது. ஒவ்வோர் அளவும் 8 இலக்கக் குறிகளாக எழுதப்படுகின்றது. எனவே விநாடிக்கு 64,000 குறிகள் உண்டாகின்றன. மனிதக் குரலைத் தெளிவாக உணர்த்துதற்கு இத்துணையே போதுமானது.

இக்குறிகள் ஆற்றுநீர்போல் இடையறாது அனுப்பப்படுவதில்லை. நெல்லைச் சிப்பம் சிப்பமாகக் கட்டி வண்டியில் ஏற்றுவதுபோல, 20 மில்லிவிநாடிக் குரல் ஒரு சிப்பமாகக் கட்டப்படுகின்றது. ஒரு சிப்பத்திற் குரலுக்கு 160 பைட்டுகள், சேரவேண்டிய முகவரி முதலிய மேலுறைக்கு 40 பைட்டுகள், ஆக 200. விநாடிக்கு 50 சிப்பங்கள் எனின், விநாடிக்கு 10,000 பைட்டுகள் ஒருபுறம் செல்லும். மறுபுறத்தினின்றும் அத்துணையே வரும். ஒரு மணி நேரப் பேச்சிற்கு இருபுறமும் சேர்த்து 72 மெகாபைட் என்பது இக்கணக்கின் முடிபு. அஃதாவது, ஒரு கிகாபைட்டில் ஏறக்குறைய 14 மணி நேரம் பேசலாம். குரலைச் சுருக்கி எழுதும் முறைகளும் உள. அவற்றுள் ஒன்றில் 160 பைட்டுகள் 20 ஆகக் குறைகின்றன. மேலுறை மட்டும் குறையாமையின், மொத்தச் செலவு எட்டில் ஒரு பங்காகாமல், பத்தில் மூன்று பங்காகவே நிற்கும்.

சிப்பங்களுக்குத் தனிவழி இல்லை. பொதுச்சாலையில் எல்லா வண்டிகளும் செல்வதுபோல, அவை கடிதங்களோடும் படங்களோடும் கலந்தே செல்லும். வழியை ஒருவர் முழுதும் அடைத்துக்கொள்ளாமையாற்றான் தூரத்திற்கெனத் தனிக் கட்டணம் இல்லாதொழிந்தது. செலவு குறைந்ததன் மூலகாரணம் இதுவே.

கருவியை எடுத்தவுடன் கேட்கும் 'டயல்' ஒலியையும், மணி ஒலிப்பதற்கு வேண்டிய மின்சாரத்தையும் இப்பெட்டியே தருகின்றது. ஆதலால் பழைய கருவி தான் பழைய கம்பியோடு இணைந்திருப்பதாகவே ஒழுகும். கண்பார்வை குன்றிய முதியோர்க்கு இது பெரும் உதவி. அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய புதுமை யாதும் இல்லை.

அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மேஜிக்ஜாக்' இவ்வகைப் பெட்டிகளுள் புகழ்பெற்றது. முதலில் அதனைக் கம்ப்யூட்டரிற் செருக வேண்டியிருந்தது. 2011-இல் வந்த புதிய அமைப்போ கம்ப்யூட்டர் இன்றியே தொழிற்பட்டது. அமெரிக்காவிலுள்ள மக்கள் அதனை வாங்கி இந்தியாவிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பினால், பெற்றோர் இங்கிருந்தே அமெரிக்க எண்ணொன்றின்வழி அந்நாட்டாரை அழைத்தல் கூடும்.

செலவு எங்கே பிறக்கின்றது?

சிப்பங்கள் கடலைக் கடந்து செல்லுதற்குச் செலவு மிகச் சிறிது. இறுதியில், அயல்நாட்டுச் சாதாரண டெலிபோன் ஒன்றில் மணி ஒலிக்கவேண்டின், அந்நாட்டு டெலிபோன் நிறுவனத்திற்குச் சுங்கம்போல் ஒரு தொகை செலுத்தவேண்டும். அமெரிக்காவில் அத்தொகை மிகக் குறைவு. வளைகுடா நாடுகள் சிலவற்றில் அதிகம். ஆகவே, ஒரே பெட்டியைக் கொண்டு பேசினும் நியூயார்க்குக்கு ஒரு கட்டணமும் துபாய்க்கு வேறொரு கட்டணமும் ஆவது இயல்பே. இருபுறத்தாரும் இண்டர்நெட்டிலேயே பேசினால் அச்சுங்கம் அறவே இல்லை. வாட்ஸ்அப் முதலியவை தனிக்கட்டணம் வாங்காமைக்குக் காரணம் இதுவாகும்.

இதனால், பெட்டியின் பயன் எவர்க்கென்பது தெளிவு. கைப்பேசிச் செயலிகளைக் கையாளத் தெரியாத முதியோர்க்கும், அயல்நாட்டு வங்கி, மருத்துவமனை, கலாசாலை அலுவலகம் ஆகியவற்றின் சாதாரண எண்களை அடிக்கடி அழைக்க வேண்டியோர்க்குமே அது பயன்படும்.

ஒரு கணக்கு

பெட்டிக்கும், மின்சாரம் நின்றகாலத்து உதவும் சிறு மின்கலத்திற்கும் சேர்த்து 6,000 ரூபாய் என்று கொள்வோம். கைப்பேசிவழி அயல்நாட்டுப் பேச்சு நிமிடத்திற்கு 10 ரூபாய் எனவும், பெட்டிவழி 1 ரூபாய் எனவும் வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு மிச்சம் 9 ரூபாய். மாதம் 300 நிமிடம் பேசும் குடும்பத்திற்கு மாத மிச்சம் 2,700 ரூபாய். மூன்றாம் மாதத்திலேயே முதல் திரும்பிவிடும். மாதம் 20 நிமிடமே பேசுவோர்க்கு மிச்சம் 180 ரூபாய். முதல் திரும்புதற்கு 34 மாதங்கள் ஆகும். அதற்குள் பெட்டி பழுதாகலாம், நிறுவனமே மூடப்படலாம். 2003-இல் தோன்றி உலகெங்கும் பரவிய ஸ்கைப் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்டதை நினைவிற் கொள்க. மேற்கண்ட தொகைகள் உதாரணங்களே. மாணவர் தத்தம் வீட்டுக் கணக்கைக் கொண்டு இவ்வாறே வகுத்துப் பார்ப்பாராக.

சட்டத்தின் எல்லை

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று இண்டர்நெட் டெலிபோன் அனுமதிக்கப்பட்டது. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டர் அல்லது தகுந்த அடாப்டரிலிருந்து அயல்நாட்டு டெலிபோனுக்கும் பேசுதல் அவ்வனுமதியுள் அடங்கின. ஆனால், அச்சேவையை உள்நாட்டு டெலிபோன் வலையோடு இணைத்தல் அன்று விலக்கப்பட்டது. 2018-இல் உரிமம் பெற்ற டெலிபோன் நிறுவனங்கள் உள்நாட்டு எண்களுடனும் இச்சேவையை நடத்தலாம் என அரசாங்கம் தெளிவாக்கிற்று. உடனே பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'விங்ஸ்' என்னும் சேவையை ஆண்டுக்கு 1,099 ரூபாய்க் கட்டணத்தில் அறிவித்தது.

உரிமமின்றி அயல்நாட்டு அழைப்புகளை உள்நாட்டு எண்களாக மாற்றி விடுத்தல் குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதிகாரமின்றிச் சேவை நடத்துவோர்க்கு மூன்று ஆண்டுவரை சிறையும், 2 கோடி ரூபாய்வரை அபராதமும் விதிக்க இடந்தருகின்றது. "இப்பெட்டியை உங்கள் வீட்டில் வைத்திருங்கள், மாதந்தோறும் வாடகை தருகின்றோம்" என்று எவரேனும் கூறின், மாணவர் உடனே மறுப்பதே அறிவுடைமை. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் அனுமதி பெறாத இண்டர்நெட் குரற்சேவைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆதலின், ஆண்டுள்ள உறவினர்க்குப் பெட்டியை அனுப்புமுன் அந்நாட்டுச் சட்டத்தை விசாரித்தல் வேண்டும். சில ரூபாய்களை மிச்சப்படுத்தப் போய் ஒருவருடைய வேலைக்கு இடையூறு தேடுதல் சிக்கனமாகாது.

எவ்விடத்து நம்பலாகாது?

பழைய செப்புக்கம்பி டெலிபோனுக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே, 48 வோல்ட் அளவில், கம்பிவழி வந்தது. ஆகவே வீட்டில் விளக்கு அணைந்தாலும் டெலிபோன் பேசிற்று. இப்பெட்டியோ வீட்டு மின்சாரத்தையும், இண்டர்நெட் இணைப்பையும் நம்பியே நிற்பது. கண்ணாடியிழை இணைப்போடு இன்று தரப்படும் வீட்டு டெலிபோனும் உள்ளே இத்தகைய அமைப்பேயாதலின், அதற்கும் இக்குறை பொருந்தும்.

கடலூர்க் கடற்கரையில் வாழ்வோர்க்கு இது சிறு விஷயம் அன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதியன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வீழ்ந்தன. மின்கம்பங்கள் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. பல கிராமங்கள் பல நாட்கள் இருளில் இருந்தன. 2015-ஆம் ஆண்டின் வெள்ளத்திலும் இம்மாவட்டம் பெருந்துன்பம் உற்றது. அயல்நாட்டிலுள்ள மகன் வீட்டாரின் குரலைக் கேட்கத் துடிப்பதும், வீட்டார் உதவிக்கு அழைப்பதும் அத்தகைய நாட்களிலேயே.

12 வோல்ட், 2 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 24 வாட்-மணி ஆற்றல் உண்டு. பெட்டியும் வழிச்செலுத்தியும் சேர்ந்து 15 வாட் உபயோகிப்பின், அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே தாங்கும். அன்றியும், அயல்நாட்டு எண்ணையுடைய பெட்டியில் 112, 108 என்னும் அவசர எண்களை அழைத்தால் அவை நம் மாவட்டத்து உதவியாளரை அடையும் என்று நம்பலாகாது. சிப்பத்திற்கு முகவரி உண்டாயினும், நம் வீடு எத்தெருவில் இருக்கின்றதென்பதை அது தானாக உரைப்பதில்லை. அமெரிக்காவில் இக்குறையால் நேர்ந்த இடர்களைக் கண்டு, 2005-இல் அந்நாட்டு அதிகாரிகள் அவசர அழைப்புக்குத் தனி விதி வகுத்தனர்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால், இப்பெட்டி முற்றும் கொள்ளத்தக்கதும் அன்று, முற்றும் தள்ளத்தக்கதும் அன்று என்பது பெறப்படும். அயல்நாட்டுச் சாதாரண எண்களுக்கு மிகுதியாகப் பேசுவோர், உரிமம் பெற்ற சேவையைத் தேர்ந்து, ஒரே நிறுவனத்திற்குக் கட்டுப்படாத பெட்டியை வாங்கி, முன்பணம் பெருந்தொகையாகச் செலுத்தாது உபயோகித்தால் நன்மை அடைவர். மற்றையோர்க்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும். பெட்டி வைத்திருப்போரும் வீட்டில் ஒரு கைப்பேசியை எப்பொழுதும் மின்னேற்றி வைத்திருத்தல் வேண்டும்; வீட்டிலுள்ள முதியோர்க்கு அவசர எண்களை அதில் அழைக்கும் வகையையும் கற்பித்தல் வேண்டும்.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் வீட்டு டெலிபோன் சீட்டுகளை எடுத்து, எந்நாட்டிற்கு எத்தனை நிமிடம் பேசப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுவாராயின், பெட்டி வேண்டுமா வேண்டாவா என்பதை அக்கூட்டல் கணக்கே சொல்லிவிடும். கலாசாலையிற் கற்ற கணிதமும் பௌதிகமும் பெற்றோருடைய பணத்தைக் காக்கப் பயன்படுவதினும் சிறந்த பயன் வேறு உண்டோ?