ஒட்டுக் கட்டினால் புது ரகம் வராது

வெள்ளைக் காகிதப்பூவின் குச்சியையும் சிவப்பின் குச்சியையும் சீவி, சேர்த்துக் கட்டி, சாணி மெழுகி வைத்தால் இரண்டும் கலந்து புது நிறம் பூக்குமாம். மாடித்தோட்டக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள், வாட்ஸாப்பில் படத்தோடு அனுப்புகிறார்கள், நர்சரிக்காரர்களில் சிலரும் கூசாமல் சொல்லி விற்கிறார்கள். வராது. எத்தனை வருடம் காத்திருந்தாலும் வராது.

சந்தேகம் இருந்தால் ஒட்டு மாமரத்தைப் பாருங்கள். நாட்டு மாங்கொட்டை முளைத்த கன்றின்மேல் பங்கனப்பள்ளிக் குச்சியை ஒட்டியிருப்பார்கள். ஆயுள் முழுக்க நாட்டு வேர்தான் தண்ணீர் ஊட்டுகிறது, காய்ப்பது பங்கனப்பள்ளிதான். ஒட்டு ரோஜாவில் மேல்கிளை பட்டுப்போனால் அடியிலிருந்து காட்டு ரோஜா துளிர்க்கிறதே, அதுவும் கலப்பில்லை, வேர்ச்செடி தன் சொந்தக் குணத்தைக் காட்டுகிறது. ஒட்டில் இணைவது பட்டையும் நீர்க்குழாய்களும் மட்டும். மரபணுக்கள் அதனதன் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன. காகிதப்பூவில் ஒரே தண்டில் நாலு நிறம் ஒட்டி விற்கிறார்களே, அது நாலு ரகம் சேர்ந்த செடி, ஐந்தாவது ரகமல்ல. அடியில் தழையும் வேர்ச்செடியின் துளிர்களைக் கிள்ளாமல் விட்டால், அவை மேலே உள்ள ஒட்டுகளை அமுக்கிவிட்டு ஒரே நிறமாய்ப் பூக்கும். “செடி கலர் மாறிடுச்சு” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

விதிவிலக்கே இல்லையா என்று படித்தவர்கள் மடக்குவார்கள். உண்டு. 1825இல் பாரிஸ் அருகே ஆடம் என்ற நர்சரிக்காரர் லபர்னம் என்ற மரத்தில் ஊதா சைடிசஸ் என்ற செடியை ஒட்டியபோது, இரண்டின் திசுக்களும் சேர்ந்த ஒரு கிளை ஒட்டுவாயிலிருந்து கிளம்பியது. அதிலும் மரபணு கலக்கவில்லை. உள்ளே லபர்னம், மேல்தோல் சைடிசஸ், அவ்வளவுதான். அப்படிப்பட்ட செடிகளை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வதந்திக்காரர்கள் காட்டும் சாட்சி ‘மேரி பாமர்’ என்ற காகிதப்பூ ரகம். ஒரே செடியில் வெள்ளைக் கொத்தும் மெஜந்தாக் கொத்தும், சில வேளை ஒரே பூவில் பாதிக்குப் பாதியும் வரும். “ஒட்டாமல் இது எப்படி?” என்று கேட்கிறார்கள். அடித்தண்டில் தடவிப் பாருங்கள், ஒட்டுத் தழும்பு இருக்காது. 1949இல் கல்கத்தாவின் வேளாண் தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்தில் ‘மிஸஸ் எச். சி. பக்’ என்ற ரகத்தின் ஒரு கிளையில் தானாகத் தோன்றியது இது. குருத்தின் நுனியில் ஒரு செல்லின் மரபணு மாறி, அதிலிருந்து பெருகிய திசு ஒரு பகுதியாகவும், மாறாத திசு இன்னொரு பகுதியாகவும் ஒரே கிளையில் வளர்ந்தன. ஒருவரும் கத்தி வைக்கவில்லை. கவனித்து, போத்து வெட்டி, பெயர் வைத்ததுதான் மனிதர் செய்த வேலை.

வேண்டுமென்று புது ரகம் உண்டாக்க வேண்டுமானால் பூவுக்குள் இறங்க வேண்டும். நாம் பூ என்று நினைக்கும் மூன்று வண்ண மடல்கள் உண்மையில் இலைகள்தான். ஒவ்வொரு மடலின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, வெளிர்மஞ்சளாய், குச்சி போல ஒரு சிறு குழல், அதுதான் பூ. அது விரியுமுன் குழலைக் கீறி, நுண்ணிடுக்கியால் மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, காகிதப் பை கட்ட வேண்டும். பெரும்பாலும் விதை பிடிக்காது. தோட்டங்களில் பரவிய பல ரகங்கள் கலப்பினங்கள்; மலட்டுத்தன்மை அவற்றின் பிறவிக்குணம். இதற்கு வழி கண்டவர்கள் லக்னோ ஆராய்ச்சியாளர்கள். இன்று தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் இடத்தில், கோஷு என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1970களில் கால்ச்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, மலட்டு ரகங்களை விதை பிடிக்க வைத்தார்கள். 34 குரோமோசோம் 68 ஆனது. அவ்வளவு பாடுபட்ட பிறகுதான் கலக்க முடிந்தது. சாணி மெழுகிக் காத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியாது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். வேரில் பீட்ரூட் சாறு ஊற்றினால் சிவப்பு கூடாது. இரண்டிலும் உள்ள நிறமி ஒரே குடும்பம் என்பது உண்மை, ஆனால் காகிதப்பூ தனக்கு வேண்டியதை மடலிலேயே செய்துகொள்கிறது. காமா கதிரால் உண்டான ரகம் வீட்டில் கதிர் வீசாது. கதிர் பட்டது தாய்ச்செடியின் போத்தில், அதோடு முடிந்தது. ஆரஞ்சு மடல் நாள்பட்டு ரோஜா நிறமாவது வயது, ரகமல்ல. வாஸ்துக்காரர் சொல்லும் முள் தோஷத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

பேச வேண்டியது பெயர்களைப் பற்றி. எல்லாப் பொய்யும் நுழையும் வாசல் அதுதான். நர்சரிகளில் ‘பிங்க்’, ‘டபுள்’, ‘தாய்லாந்து’ என்று அட்டை தொங்குகிறது. ரகத்தின் பெயர் இல்லை. அடுக்கு மடலுள்ள ‘மகாரா’ ஒன்றையே எத்தனை புனைபெயரில் விற்கிறார்கள்! இத்தனைக்கும் காகிதப்பூ ரகங்களுக்கான உலகப் பதிவுப் பொறுப்பு, தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்பாடு இருந்தும், பெயரில்லாத செடிக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் ‘புது ரகம்’ என்ற விலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறமாய்ப் பூத்தால் கத்தரித்து எறியாதீர்கள். நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அதிலிருந்து போத்து எடுத்து, போத்தின் போத்தும் அதே நிறத்தில் பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் பூசாவுக்கு எழுதுங்கள்.