கல்லாவில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வீட்டு உபயோக மின்சாதன மொத்த வியாபாரத்தில் 40 ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் கடையில் சில்லறை விற்பனையும் உண்டு. விலை உயர்ந்த ஒரு டோஸ்டர் எனக்குக் கற்றுத் தந்த பாடத்தை நம் சங்கத்தார் அறிவது நல்லது.

ஜப்பானில் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் 2019-ல் 'பிரெட் ஓவன்' என்ற டோஸ்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை சுமார் 30,000 யென். வாட்டுவதோ ஒரு தடவைக்கு ஒரே ஒரு துண்டு! சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. சாதாரண டோஸ்டர் மேலே திறந்திருக்கும். பிரட்டில் உள்ள ஈரம் ஆவியாகப் போய்விடும். இதில் மூடி இறுக மூடிக்கொள்ளும். மேலும் கீழும் உள்ள தகடுகள் சூடேறி வாட்டும். ஈரம் உள்ளேயே நிற்பதால் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் மெத்தென்றும் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, தட்டையான ரெண்டு பின்னுக்கு ஒரு கன்வர்ஷன் பிளக் குடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஜப்பானில் வேலை பார்க்கும் அவர் மகன், பல் போன பாட்டிக்காக இந்த டோஸ்டரைக் கொண்டு வந்திருக்கிறார். பிளக்கைச் செருகியதும் 'பட்' என்ற சத்தம், புகை. எம்.சி.பி. விழுந்ததால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் டோஸ்டர் போய்விட்டது. சாதனத்தின் மேல் குற்றமில்லை. மறுநாள் அவர் வந்து சண்டை போடவில்லை. "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் கடைக்கு வரவே இல்லை.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு 230. வோல்ட் 2.3 மடங்கானால் ஹீட்டர் இழுக்கும் மின்சக்தி 5 மடங்குக்கு மேல் போகும். 100 வோல்ட்டில் 930 வாட் எடுக்கும் ஹீட்டர், 230-ல் ஏறக்குறைய 4,900 வாட் இழுக்கப் பார்க்கும். கன்வர்ஷன் பிளக் பின்னை மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

2. இதற்கு 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 1,500 வி.ஏ. அளவு இருந்தால் சூடேறாமல் தாங்கும். அமெரிக்கச் சாமானுக்கான 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரைத் தள்ளிவிடாதீர்கள்.

3. பிரட்டின் தடிமனுக்கும், அது ஃப்ரீசரில் இருந்ததா வெளியில் இருந்ததா என்பதற்கும் ஏற்றபடி செட்டிங் வைக்கச் சொல்லுங்கள். மூடியை அமுக்கி மூடும் அளவுக்குத் தடித்த துண்டு வைக்கக் கூடாது.

4. வேலை முடிந்ததும் பிளக்கை எடுத்து, நன்றாக ஆறிய பின் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கம்பி நார் பட்டால் தகட்டின் பூச்சு போய்விடும். தண்ணீரில் முக்கவே கூடாது. மூடி விளிம்பில் தூள் சேர்ந்தால் மூடி சரியாகப் படியாது, ஈரம் வெளியேறிவிடும். போட்ட பணத்துக்குப் பலன் இல்லை. நம் ஊரில் எறும்பும் கரப்பானும் வேறு உள்ளே புகும்.

5. உதிரி பாகம் இங்கே சுலபமாகக் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது எங்கள் கடையில் கன்வர்ஷன் பிளக் கேட்டு யார் வந்தாலும், பையன்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தச் சாமானுக்கு? அதன் அடியில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது?" பார்த்துவிட்டு வந்தால்தான் பிளக். சில நாள் அந்த விற்பனை கைநழுவிப் போகிறது. போகட்டும். அன்று ஒரு பிளக்கில் எனக்குக் கிடைத்த லாபம் 12 ரூபாய். இழந்தது ஒரு குடும்பத்தின் 20 வருட நம்பிக்கை.